தம்பி எழுதிய மென்பொருள் பேசிய பேச்சு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் நீ நலமாக இருந்தால் ஒரு வரி எழுது.

குடிநீர்ப் புகார் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலைக்கு, எனக்குக் கண் தெரியாதது இதுவரை ஒரு குறையாக இருந்ததில்லை. புகார் சொல்பவர்கள் என்னைப் பார்ப்பதில்லை, நானும் அவர்களைப் பார்ப்பதில்லை, கணக்குச் சரி. நீ எங்களுக்குப் புது மென்பொருள் எழுதிக்கொடுத்தாய் பார், அன்றைக்குப் பிடித்தது சனி. பதிவுப் பொத்தானை அழுத்தினால் திரையின் மூலையில் பச்சைப் பட்டை ஒன்று வந்து 'புகார் பதிவானது' என்று காட்டிவிட்டுப் போய்விடுகிறதாம். பக்கத்து மேசைக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும். என் காதில் ஓயாமல் வாசிக்கிற திரைவாசிப்பானிடம் நீ அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அது வாய் திறக்காமல் இருக்க, பதிவாகவில்லையோ என்று நான் மறுபடி அழுத்த, அதற்கும் சத்தமில்லாமல் போக, இன்னொரு தடவை அழுத்த, ஒவ்வொரு அழுத்தலும் தனிப் புகாராகி, ஒழுகுகிற ஒரே குழாய்க்குக் குழாய்க்காரர்கள் கும்பலாகப் போய் நின்றிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாராம்.

உன்னிடம் சொன்னேன். உனக்கு ரோஷம் வந்து எல்லாவற்றையும் பேசவைத்துவிட்டாய். இணைப்பு கிடைத்தது என்கிறது, பட்டியல் புதுப்பிக்கப்பட்டது என்கிறது, ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்து அதன் வாயை அடைக்கிறது. முகவரியை வாசிக்கச் சொன்னால், தெருப்பெயர் வந்ததும் 'புதிய புகார்' என்று குறுக்கே விழுகிறது, கதவு எண் காற்றோடு போகிறது. போன வாரம் தண்ணீர் வராத வீட்டை விட்டுவிட்டு, தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்த வீட்டில் குழாயைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

எப்படிடா சோதித்தாய் என்று கேட்டதற்கு, குழந்தை தூங்குகிறது என்று ஒலியை அணைத்துவிட்டு, அது பேசுவதை எழுத்தாகக் காட்டும் பெட்டியில் படித்துப் பார்த்தேன், ஒரு வரி தப்பவில்லை என்றாய். படிக்கிறவனுக்கு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். கேட்கிறவளுக்கு எதுவும் நிற்பதில்லை தம்பி. நீங்கள் எல்லாரும் ஒரு பார்வையில் தெரிந்துகொள்வது, யாராவது சொன்னால்தான் எனக்கு உண்டு. சொல்லாமல் விட்டாலும் இல்லை, எல்லாரும் சேர்ந்து சொன்னாலும் இல்லை. எதைச் சொல்ல வேண்டும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்களே குறைவு, உன் மென்பொருளை மட்டும் குறை சொல்லி என்ன?

எங்கள் அதிகாரி நல்லவர். "நீங்க வரவேற்புல உக்காருங்கம்மா, வர்றவங்களப் பாத்து சிரிச்சா போதும்" என்றார். வருகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாமல் நான் தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அவமானமாக இருந்தது, அழுதும் விட்டேன். ஆனாலும் இன்னும் எத்தனை வீட்டுக் குழாயைப் பிரிப்பது? திங்கட்கிழமை முதல் அங்கே உட்காரச் சம்மதித்துவிட்டேன். நீ இனிமேல் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உன் குடும்பம் ஒரு குறையுமில்லாமல் இருக்கட்டும். குழந்தைக்கு அத்தையின் முத்தம்.

இப்படிக்கு,
பாசமும் கடுகடுப்பும் சம அளவில் உள்ள அக்கா

பி.கு.: இதை அனுப்பப் போகும் நேரத்தில் உன் மனைவி போன் செய்தாள். காலையிலிருந்து நீ திரையின் மின்கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காதில் இயர்போன் செருகியபடி, இருட்டுத் திரைக்கு முன்னால் பொய்ப் புகார்களாகப் பதிந்துகொண்டிருக்கிறாயாம். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "பதிவாச்சா இல்லையான்னே தெரியல. அக்கா இத்தன நாளா இப்படியா உக்காந்திருந்தா?" என்றாயாம். அதிகாரியிடம் போய், சிரிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. நீ போய்ச் சாப்பிடு. சரிசெய்து முடிக்கும்வரை அந்தத் திரையை மட்டும் போட்டுவிடாதே.