பத்து நாள் பத்தியக்காரி

ரத்தப் பரிசோதனைக்குத் தேதி குறித்ததும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிப் பத்து நாள் எண்ணி, சோற்றைப் பாதியாக்கி, இனிப்பை ஒழித்து, பரணிலிருக்கும் நடைக் காலணியை இறக்கித் தூசி தட்டி, வெந்தயத்தை ஊறப்போட்டு, பாகற்காயைப் பிழிந்து குடித்து, பதினோராம் நாள் காலையில் வெறும் வயிற்றோடும் களங்கமில்லாத மனசாட்சியோடும் லேப் நாற்காலியில் கையை நீட்டுகிற ஓர் இனம் நம் ஊரில் உண்டு. பன்னிரண்டாம் நாள் ரிசல்ட். பதின்மூன்றாம் நாள் ஜாங்கிரி.

பத்தியக்காரர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் இவர்களைத் தெரியும். தெரியாது என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

எனக்குத் தெரிந்த பத்தியக்காரி ஜொவிட்டா. அபிராமபுரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் கீழே இருக்கிறாள். வயது முப்பத்தாறு. தி. நகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலை. கணவன் ரொனால்ட் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். ஒரே பையன் ஆண்ட்ரூ.

ஆண்ட்ரூ வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார்கள். கடைசி இரண்டு மாதம் வயிற்றில் இன்சுலின் ஊசி. பையன் பிறந்தான், சர்க்கரை போன இடம் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஒன்று சொல்லி அனுப்பினார். "இப்போ போயிடுச்சு. ஆனா உங்க வீட்டு விலாசம் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. வருஷா வருஷம் ஒரு தடவை பார்த்துக்குங்க."

அன்றைக்குப் பிடித்தது ஜொவிட்டாவுக்குக் கவலை.

கவலை என்றால் சாதாரணக் கவலையா? மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு பாண்டி பஜாரில் நடந்து வந்தவளுக்குத் தாகம் எடுத்தால், அது சர்க்கரை. மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் போட்டுக்கொண்டு எழுத்து மங்கினால், அது சர்க்கரை. ஜெபக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போனால் கேட்கவே வேண்டாம். ஒருநாள் காலை எனக்கு போன் வந்தது. "அக்கா, ஒரு நிமிஷம் கீழ வாங்களேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

போனேன். பாத்ரூம் தரையில் எறும்பு. சர்க்கரை உள்ளவர்கள் சிறுநீர் போகிற இடத்தில் எறும்பு மொய்க்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு படித்த பெண்கள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பின்தொடர்ந்தோம். எறும்புகள் கக்கூஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக வாஷிங் மெஷினுக்கு அடியில் போயின. அங்கே ஆண்ட்ரூ பாதி சப்பிவிட்டு ஒளித்து வைத்த லாலிபாப் கிடந்தது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டது பலித்தவள்போல் ஜொவிட்டா அந்தக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ எனக்கு இல்லக்கா."

அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் அவளுக்கும் காபி போட்டாள். அவள் டம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரை.

இங்கேதான் இந்த இனத்தின் அழகு இருக்கிறது. கவலை ஒரு பக்கம், கேக் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாது. கிளினிக்கில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். ரொனால்டுக்குச் சம்பள உயர்வு என்றால் பால்கோவா. செப்டம்பரில் பெசன்ட் நகர் கோயில் திருவிழாவுக்குப் போனால், கடற்கரையில் பஜ்ஜியில் தொடங்கி குல்ஃபியில் முடியும். ஒவ்வொன்றையும் வாயில் போடுவதற்கு முன் ஒரு பெருமூச்சு, ஒரு வாக்கியம்: "இன்னைக்கு ஒரு நாள்தானே." வருடத்தில் இப்படி முந்நூற்றைம்பத்தைந்து ஒரு நாள்கள்.

மிச்சம் பத்து நாள்தான் பத்தியம். ஆண்ட்ரூவின் பிறந்தநாள் பிப்ரவரி பத்து. அதற்கு ஒரு வாரம் முன்னால் பரிசோதனை. சுத்தமான ரிசல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, பிறந்தநாள் கேக்கை அதன் பலத்தில் வெட்டுவது நாலு வருடமாக நடந்துவரும் ஏற்பாடு. அந்தப் பத்து நாளும் வீட்டில் சாமைச் சோறு, வரகு உப்புமா, சுரைக்காய்க் கூட்டு. சாயங்காலம் நாகேஸ்வரராவ் பூங்காவில் வியர்க்க வியர்க்கப் பத்துச் சுற்று. ரொனால்ட் பள்ளியிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல் எங்கேயோ இரண்டு மசால் தோசையை முடித்துக்கொண்டு, பசியில்லாதவன்போல் வந்து சாமைச் சோற்றின் முன் உட்காருவான். லேபில் சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தத்துக்காக ஜொவிட்டா கட்டிக்கொண்டு போகும் இரண்டு இட்லியை ஒருமுறை பார்த்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இத்தனைக்கும், அவள் கிளினிக்கில் உட்கார்ந்து யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் தெரியுமா? வருடம் முழுக்கப் பல்லைக் கவனிக்காமல், டாக்டரிடம் வருகிற அன்றைக்குக் காலையில் மட்டும் ஈறு கிழியத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களை. "வாசல்ல நுழையும்போதே தெரிஞ்சுடும்க்கா. பேஸ்ட் வாசனை முன்னாடி வரும், ஆள் பின்னாடி வருவாங்க. யாரை ஏமாத்தறாங்க?" நான் தலையை ஆட்டிவைத்தேன். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சமாதானம் முக்கியம்.

இந்த வருடம் என்ன ஆயிற்று என்றால், வழக்கமாக ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வயதான டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு மஹ்விஷ் என்று ஓர் இளம் டாக்டர் வந்திருந்தார். அவர் எழுதிய சீட்டை ஜொவிட்டா படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது? வெறும் வயிறு, சாப்பிட்ட பின். நாலு வருடமாக அதுதானே. சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வெந்தயத்தை ஊறப்போட்டாள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு மந்தைவெளி லேபுக்குப் போனாள். அங்கே ரத்தம் எடுப்பவர் நூர் முஹம்மது. பதினைந்து வருடமாக ஊசி பிடிக்கிறவர், ஜொவிட்டாவை நன்றாகத் தெரியும்.

"இன்னா மேடம், பையன் பர்த்டே வந்துகினு கீதா?" என்றபடி சீட்டைப் பிரித்தார். "இந்தத் தபா ஒண்ணு எக்ஸ்ட்ரா கீது. எச்பிஏ ஒன் சி."

அந்தப் பெயர் ஜொவிட்டாவுக்குத் தெரியும். தன்னைத் தேடிக்கொண்டு வரும் என்றுதான் நினைக்கவில்லை.

"அது எதுக்கு? ஃபாஸ்டிங்கே போதுமே."

"அது இன்னிக்குக் காலைல இன்னா கீதுன்னு சொல்லும் மேடம். இது மூணு மாச சராசரி. பத்து நாள் ஒழுங்கா இருந்தா இதுக்குப் பத்தாது."

ஜொவிட்டா விரலை மடக்கினாள். ஜனவரி. டிசம்பர். நவம்பர்.

"அப்போ கிறிஸ்மஸ்?"

"உள்ளாறதான் கீது."

"பொங்கல்?"

"அதுவுந்தான்."

அந்த மூன்று மாதம் எப்படிப்பட்ட மூன்று மாதம் என்று எனக்குத் தெரியும். எண்ணெய்ச் சட்டி இறங்காமல் இனிப்புக் கல்கலும் அச்சு முறுக்கும் சுட்டு, டின் டின்னாக அடைத்து, தெருவுக்கெல்லாம் கொடுத்ததுபோக மிஞ்சியதை ஜனவரி முழுக்கத் தின்று தீர்த்தது அந்த வீடு. உறவுக்காரர்கள் கொண்டுவந்த பிளம் கேக் மட்டும் ஏழு. பொங்கலன்று நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலை ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்த பாவம் என்னுடையது.

"அந்த ஒண்ணை மட்டும் அப்புறம் எடுத்துக்கலாமா? ஏப்ரல்ல வரேன்."

நூர் முஹம்மது மறுக்கவில்லை. "தாராளமா வாங்க மேடம். ஏப்ரல்ல வந்தாலும் நீங்கதான வருவீங்க?" என்று சொல்லிக்கொண்டே ஒரு குழாய் ரத்தம் மட்டும் எடுத்து, பஞ்சை அழுத்தி, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னார்.

ஜொவிட்டா வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து இட்லியைத் தின்றாள். அன்றைக்கு மத்தியானம் அவளே என்னிடம் வந்து இதைச் சொன்னபோது, அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் கேலி இல்லாமல் சொன்னாள். அவளுடைய அப்பா விக்டர் சாந்தோமில் இருக்கிறார். சர்க்கரைக்காரர். ஐம்பது வயது வரை ஒரு சொட்டு ரத்தம் கொடுத்ததில்லை. நமக்கெல்லாம் ஒன்றும் வராது என்பார். ஒருநாள் ஷூவுக்குள் ஒரு கூழாங்கல் கிடந்திருக்கிறது. கால் மரத்துப்போயிருந்ததால் அது உள்ளே இருப்பது தெரியாமல் நாள் முழுக்க நடந்திருக்கிறார். புண் ஆறவில்லை. இடது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

"அப்பா டெஸ்டே எடுக்காம இருந்தாரு. நான் எடுத்துக்கிட்டே இருக்கேன். ரெண்டு பேருக்கும் என்னக்கா வித்தியாசம்னு அங்க உக்காந்து யோசிச்சேன். ஒண்ணும் தட்டுப்படல."

இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளே போய்க் கையை நீட்டினாள். நூர் முஹம்மது ஒரு குழாயை எடுத்து வைத்தார்.

"அந்த இன்னொண்ணையும் எடுத்துடுங்க," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் மஹ்விஷ் முன்னால் ரிசல்ட். வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு. சாப்பிட்ட பின் நூற்று இருபத்தெட்டு. மூன்று மாத சராசரி ஆறு புள்ளி ஒன்று. டாக்டர் தாளையும் ஜொவிட்டாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல இருக்கிற ரெண்டு நம்பரும் ஒரு பொண்ணோடது மாதிரி இருக்கு. இது வேற பொண்ணோடது மாதிரி இருக்கு. இதுல ஜொவிட்டா யாரு?"

"ரெண்டு பேரும்தான் டாக்டர். ஒருத்தி பத்து நாள்தான் இருப்பா."

பிறகு மடமடவென்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்: சாமை, வெந்தயம், பாகற்காய், பத்துச் சுற்று, நாலு வருடம். கடைசியில் இதையும்: "எனக்குச் சுகர் இருக்கான்னு தெரிஞ்சுக்க நான் வரல டாக்டர். இல்லன்னு எழுதி வாங்கிட்டுப் போகத்தான் வருஷா வருஷம் வரேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த ரொனால்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மசால் தோசையைப் பற்றி அவன் வாக்குமூலம் எதுவும் தரவில்லை.

டாக்டர் திட்டவில்லை. "இது இன்னும் சுகர் இல்லம்மா. பார்டர்ல நிக்குது. இப்போ தெரிஞ்சது நல்லதுதான், இங்கேருந்து திரும்பலாம். நீங்க பண்ற பத்தியத்துல தப்பும் இல்ல. பாகற்காய் ஜூஸை விட்டுடுங்க, அது பாவம். மத்ததுல பாதி பண்ணாப் போதும். ஆனா பதினோராம் நாளும் பண்ணணும். மே மாசம் மறுபடி பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அழுதுகொண்டே நடக்கப் போனாள். பிறந்தநாளன்று கேக் வெட்டினார்கள். ஜொவிட்டா ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கொண்டு, பெருமூச்சும் விடாமல், அந்த வாக்கியத்தையும் சொல்லாமல் தின்றாள். அந்த வீட்டில் அது புதுசு.

அதற்குப் பிறகு அவள் ஞானியாகிவிட்டாள் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். மார்ச்சில் ஒரு வாரம் பூங்காப் பக்கமே போகவில்லை. ஈஸ்டருக்கு இரண்டு தட்டு பிரியாணி. ஆனால் மறுநாள் சாயங்காலம், எந்தப் பிராயச்சித்தமும் இல்லாமல், வழக்கம்போல நாலு சுற்று. கூடவே ரொனால்ட், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பாதிச் சோறு, நிறையக் காய், காபியில் அரைக் கரண்டி. பார்க்கச் சுவாரசியமே இல்லாத வாழ்க்கை. மேல்வீட்டுக்காரிக்குப் பெரிய நஷ்டம்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் படியேறி வந்தாள். "அக்கா, டெஸ்டுக்கு இன்னும் பத்து நாள். பழக்க தோஷத்துல வெந்தயத்தை எடுத்து வச்சேன். அப்புறம் பார்த்தா, புதுசா ஆரம்பிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. பயமா இருக்கு." பங்கனப்பள்ளி சீசன். பத்து நாளும் மத்தியானம் இரண்டு துண்டு தின்றாள், அதற்கு முந்தின வாரங்களில் தின்றதுபோலவே.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ஐந்து புள்ளி எட்டு. தாளை என் கையில் கொடுத்தாள்.

"இன்னும் பார்டர்தாங்க்கா. இருந்துட்டுப் போகட்டும். இது என்னோட நம்பர்."

அவ்வளவுதான் ஜொவிட்டாவின் கதை. ஓர் இனம் இப்படி ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போனால் என்னைப்போல் எழுதுகிறவர்கள் என்ன செய்வது என்று எனக்குக் கொஞ்சம் விசாரமாகத்தான் இருந்தது. பிறகு உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஆமாம், உங்களைத்தான். நீங்கள் கடைசியாக ரத்தம் கொடுத்தது எப்போது? அதற்கு முந்தின வாரம் என்ன சாப்பிட்டீர்கள், பிந்தின வாரம் என்ன சாப்பிட்டீர்கள்? பதில் வேண்டாம். அடுத்த டெஸ்ட் எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். கேட்டதும் உங்கள் மனசுக்குள், "சரி, திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்துவிடலாம்" என்று ஒரு குரல் எழுந்ததா? அந்தத் திங்கட்கிழமையை நம்பி ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சாப்பிடலாம் என்றும் யோசித்தாயிற்றா?

நல்லது. பேனாவில் மை இருக்கிறது.