மாவில் விழுந்த பள்ளம்

வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் ஊர்ச் சந்தையில் ஈ ஓட்டுவார்கள். கூட்டமெல்லாம் மஸ்தூரா வீட்டு முற்றத்தில் நிற்கும். அந்திஜான் நகரத்திலிருந்து கார் வரும், மலையடிவாரத்திலிருந்து கழுதை வண்டி வரும். எல்லாவற்றிலும் ஒரு தொட்டில். தொட்டிலுக்குள் பால் குடிக்காத, தூங்காத பச்சைப்பிள்ளை. பிள்ளைக்கு என்ன உபாதை என்று எவரும் கேட்பதில்லை. யார் கண் பட்டது என்றுதான் கேட்பார்கள். அதைச் சொல்லத்தான் மஸ்தூரா இருக்கிறாளே.

அவள் வித்தை இதுதான். ஒரு கிண்ணத்தில் மாவை அமுக்காமல், பொலபொலவென்று விளிம்புவரை நிரப்புவாள். துணியால் இறுக்கி மூடுவாள். கவிழ்த்துப் பிடித்துத் தொட்டிலுக்கு மேலே சுற்றுவாள், குலுக்குவாள், நடுநடுவே கொட்டாவி விடுவாள். கொட்டாவி பெரிதாக வந்தால் கண்ணேறும் பெரிதாம். சரியாகத் தூங்காத யாருக்கும் அப்படித்தான் வரும். அதைச் சொன்னால் எனக்கு மரியாதை தெரியாது என்பார்கள். பிறகு கிண்ணத்தை நிமிர்த்தித் துணியைப் பிரிப்பாள். மாவில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். கண் தின்றுவிட்டுப் போன இடமாம் அது. உடனே ஆட்டு வால் கொழுப்பு, ரொட்டி, சர்க்கரை, உயிருள்ள கோழி எல்லாம் அவள் வீட்டுக்குள் போகும். கண் மாவைத் தின்னும், மற்றதை மஸ்தூரா தின்பாள்.

ஒரு கட்டளை மட்டும் உண்டு. எங்கள் பக்கம் பிள்ளையைத் தொட்டிலில் கை கால் அசையாமல் பட்டியால் கட்டி, மேலே கனத்த துணிகளைப் போட்டு மூடுவோம். அந்தத் துணியை யாரும் விலக்கக் கூடாது. விலக்கினால் வெளியே போன கண் திரும்ப உள்ளே பாயுமாம்.

என் பக்கத்து வீட்டுத் துர்சுனாயின் பேரன் ஜஸூர். மார்பில் வாய் வைப்பான், இரண்டு இழுப்பு இழுப்பான், விட்டுவிட்டு வீரிடுவான். துர்சுனாய் மருமகள் பர்னோவை மஸ்தூராவிடம் கூட்டிப் போனாள். என் பழைய வண்டியில்தான் போனார்கள். இஸிரிக் செடியைக் கொளுத்திக் காலையும் மாலையும் தொட்டிலுக்குள் புகை பிடிக்கச் சொன்னாள் மஸ்தூரா. பிடித்தார்கள். பிள்ளையின் மூக்கு இன்னும் அடைத்தது. மூக்கடைத்த பிள்ளை எப்படிப் பால் குடிக்கும்? கண் முற்றிவிட்டது, இன்னும் புகை போடு என்றாள். போட்டார்கள். பிள்ளையின் கன்னம் ஒட்டிப்போனது. கடைசியில், தாய்ப்பாலிலேயே கண் பட்டிருக்கிறது, பாலை நிறுத்திவிட்டு தான் ஓதி ஊதிக் கொடுக்கும் தண்ணீரை மட்டும் கொடு என்றாள்.

"அத்தை, வெறும் தண்ணியக் குடுத்தா பிள்ளை செத்துரும்" என்றாள் பர்னோ.

"எத்தனை பிள்ளையப் பாத்தவங்க அவங்க. நீ நேத்து வந்தவ, வாய மூடு."

பர்னோ மாமியாருக்குத் தெரியாமல் பால் கொடுத்துப் பார்த்தாள். அவனுக்கு இழுக்கத் தெம்பில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் இடம் பிடிக்கத் துர்சுனாய் முன்னாலேயே போய்விட்டாள். தொட்டிலை நானும் பர்னோவும் தூக்கி வந்தோம். முற்றத்தின் நடுவில் வைத்தோம். மஸ்தூரா கிண்ணத்தைச் சுற்றினாள், குலுக்கினாள், வாய் கிழியக் கொட்டாவி விட்டாள். துணியைப் பிரித்தாள். பள்ளம்.

நீலக் கண்காரி ஒருத்தி வெறும் வயிற்றோடு பிள்ளையைப் பார்த்திருக்கிறாள், பால் கொடுக்கவே கூடாது என்று தீர்ப்புச் சொன்னாள்.

"பிள்ளைக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கும்மா?" என்று பர்னோ பணிவாகக் கேட்டாள்.

மஸ்தூரா காதைத் தொட்டிலுக்கு அருகே கொண்டுபோனாள். "இழுத்து இழுத்து விடுறான். எனக்குக் கேக்குது."

பர்னோ துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். உள்ளே நீளமான ஒரு முலாம்பழம். பட்டி போட்டுக் கட்டியிருந்தது. மிகவும் சமர்த்தாகப் படுத்திருந்தது.

துர்சுனாய் தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணு என் பேரனைப் பழமாக்கிருச்சே."

நான் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் அதை நம்பி வேறு இரண்டு பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். நல்லவேளை, வண்டியில் ஜஸூரை மடியில் வைத்திருந்த என் மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

மஸ்தூரா, பழத்துக்கும் கண் படும் என்றாள்.

"கெட்டிலுக்கு?" என்றாள் பர்னோ. கிண்ணத்தை எடுத்தாள், மாவைப் பொலபொலவென்று நிரப்பினாள், மூடினாள், அடுப்பில் இருந்த தேநீர்க் கெட்டிலுக்கு மேலே குலுக்கிப் பிரித்தாள். அதே பள்ளம்.

"குலுக்குனா மாவு அமுங்கும் அத்தை. அவ்வளவுதான்."

வரிசையில் நின்ற ஒருத்தி தன் செருப்புக்கு மேலே குலுக்கிப் பார்த்தாள். செருப்புக்கும் கண் பட்டிருந்தது. கோழி கொண்டுவந்தவர்கள் கோழியைத் தேடிப் போனார்கள். மஸ்தூரா கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் நேராக மருத்துவமனைக்குப் போனோம். தாதி உப்புநீர்ச் சொட்டு விட்டு, மூக்கில் இறுகியிருந்ததை உறிஞ்சி எடுத்தாள். புகையை நிறுத்தச் சொன்னாள். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பர்னோ பால் கொடுத்தாள். நின்று நின்று, இளைப்பாறி இளைப்பாறிக் குடித்தான். ஆனால் வாயை விடவில்லை. துர்சுனாய் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

அதற்குப் பிறகு ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றிக் கண் பார்க்கிறாளாம். நம் ஆட்கள் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறிவிட்டார்கள். அடேய், பிள்ளை அழுதால் முதலில் அதன் மூக்கைப் பாருங்கள், வயிற்றைப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரியின் கண்ணைப் பார்ப்பது அப்புறம் இருக்கட்டும்.