சாப்பாட்டு மேசையில் கியர்பொக்ஸ்

கொடிகாமம்
புதன்கிழமை காலை

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் நோர்வேக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகன் அருளட்டும். இங்கே நானும் இவரும் சுகம். நீங்கள் விட்டுப்போன மின்சார மோட்டார் சைக்கிள்தான் சுகமில்லை. தொலைபேசியில் சொல்லலாம், ஆனால் நான் உங்களோடு கதைக்கத் தொடங்கியதுமே இவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுவிடுவார். இவருக்குத் தெரியாமல் ஒன்று கேட்கவேண்டும். அதனால் கடிதமாக எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அதை, வாங்கக் கேட்ட உங்கள் வவுனியாச் சிநேகிதருக்கே விற்றுவிடுங்கள். நான் சொன்னால் இவர் கேட்கமாட்டார்.

இரண்டு கிழமைக்கு முன் கியர்பொக்ஸில் ஒயில் கசியத் தொடங்கியது, பிறகு மோட்டர் சூடேறி நூறு யார் தூரம் போனதும் தானாக நின்றது, உடனே இவர் வோட்டர் பம்ப் திருத்துகிற கந்தப்பு அண்ணையைக் கூட்டிவந்தார். முப்பது வருசமாக அவர் இயந்திரங்களின் வருத்தத்தைச் சத்தத்தில்தான் பிடிக்கிறவர். ஸ்குறூட்ரைவரின் ஒரு முனையை இயந்திரத்திலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடுவார். இவர் சாவியைத் திருகிக் கொடுக்க, "தம்பி, இன்னும் ஸ்டார்ட் ஆகேல்லை" என்றார். ஆகிவிட்டது என்று இவர் சொன்னதை நம்பாமல், சத்தம் வருமட்டும் முறுக்குவோம் என்று ஏறியிருந்து கைபிடியை முறுக்கினார். சத்தம் வரவில்லை, கந்தப்பு அண்ணைதான் போனார். போன வருசம் நீங்கள் இதில் ஏறிப்போய்க் கிடுகு வேலியில் திறந்துவைத்த அதே வழியால் போய், பக்கத்து வளவுப் பூரணம் அக்காவின் கத்தரிக் கன்றுகளுக்கு நடுவில் எழும்பி நின்று, "உது பம்ப் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு கியர்பொக்ஸும் மோட்டரும் கழன்று சாப்பாட்டு மேசைக்கு வந்தன. நாலு நாளாக நாங்கள் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். வாகனத்தின் கைநூலை நான் வாசித்துத் தமிழில் சொல்ல, இவர் கழற்றுகிறார். ஒரு வாசர் வளையம் குறைகிறதென்று புட்டுக்குள்ளும் தேடினோம். ஒன்று சொல்லவேண்டும் அண்ணை: பென்சன் எடுத்த நாளிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த மனிசன் இப்போது விடிய எழும்பி பற்சக்கரங்களைப் பற்றிக் கதைக்கிறார்.

நேற்றுத்தான் நோய் பிடிபட்டது. கியர்பொக்ஸ் சூடானால் உள்ளே காற்று விரியுமாம். அது வெளியேற மேலே ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டதால் காற்று ஒயிலைத் தள்ள, அதை மறிக்கிற றப்பர் வளையம், ஒயில் சீல், கிழிந்து, மோட்டருக்குள்ளும் ஒயில் போய்விட்டது. கந்தப்பு அண்ணை துளையை ஊசியால் கிண்டினார். காய்ந்த சந்தனம் வந்தது. மணந்து பார்த்துவிட்டு, "உதுக்குள்ளை ஆர் பொட்டு வைச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் இவர்.

அண்ணை, வைத்தது நான். விஜயதசமியன்று கிரைண்டருக்கும் தையல் மெசினுக்கும் வைத்துவிட்டு மிச்சச் சந்தனத்தோடு வந்தேன். பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல அளவாக ஒரு குழி இருந்தது. வடிவாக அமத்தி வைத்தேன். கந்தப்பு அண்ணை, "படிச்ச மனிசன் செய்யிற வேலையே?" என்று இவரை ஏசியபோது, நான் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு பேசாமல் நின்றேன். அந்த வாகனம் முற்றத்தில் நிற்கும்வரை நான் வாய் திறக்காமல் நின்றது எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே விற்றுவிடுங்கள். நீங்கள் சொன்னால் இவர் தட்டமாட்டார்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நல்லூரான் உங்கள் எல்லோரையும் கண்பார்ப்பான்.

உங்கள் தங்கச்சி,
றஜனி

பி.கு.: படம் பிடிக்கப்போன நேரம் இவர் கூப்பிட்டார். பழைய வோட்டர் பம்ப் ஒன்றின் ஒயில் சீல் இப்போதைக்குப் பொருந்திவிட்டது. மோட்டரைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டி, புது ஒயிலும் விட்டாயிற்று. ஓடிப் பார்க்கத்தான் ஆளில்லை. நாலு நாள் குனிந்ததில் இவருக்கு நாரிப் பிடிப்பு. கந்தப்பு அண்ணை தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றார். நான் ஏறினேன். மணல் ஒழுங்கையால் வயல்கரை மட்டும் போனேன், அண்ணை. தென்னோலை அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து இறங்க முதலே இவரிடம், "அந்தச் சந்தனம் நான் வைச்சது" என்றேன்.

"தெரியும். இறங்குமப்பா, கீழை ஒயில் கசியுதோ பாப்பம்."

கசியவில்லை. வவுனியாக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரியான அளவில் ஒயில் சீல் இரண்டு அனுப்புங்கள். அடுத்தமுறை நீங்கள் வரும்போது, அதில் ஏறுவதற்கு முன் என்னிடம் கேட்கவேண்டும்.