பெயர் தேவையில்லை

நல்ல எண்ணத்தோடு நான் செய்த காரியங்கள்தான் அடுத்தவர்களுக்கு அதிகச் சேதம் விளைவித்திருக்கின்றன. கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்ததில்லை. அதற்குத் துணிச்சல் வேண்டும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். புனேயில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்குக் கையேடு எழுதும் வேலை. அலுவலக உளவியல் பற்றிய புத்தகம் ஒன்றைப் பாதி படித்திருந்தேன் (மீதியையும் படித்திருக்கலாம்). திட்டு விழும் என்ற பயத்தில்தான் ஆட்கள் தவறை மறைக்கிறார்கள், பயம் போனால் வேலை சீராகும் என்றது அது. உடனே கணினியில் ஒரு படிவம் தயாரித்தேன். மேலே கொட்டை எழுத்தில்: 'நடந்த தவறை எழுதுங்கள். பெயர் தேவையில்லை.'

ஒருவரும் எழுதவில்லை. சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த ஸ்டெல்லா அக்காவிடம் போய் நின்றேன். புனேயை ஒட்டிய தேஹு ரோட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பல வருட சர்வீஸ். அந்த மாதம் சூப்பர்வைசர் பதவி வரவேண்டியிருந்தது.

"பேரு தெரியாதுல்ல தம்பி? பக்கா?"

"பக்கா அக்கா. என்னை நம்புங்க."

நம்பிவிட்டார். அவர் எழுதியதைப் பார்த்து இன்னும் பதினோரு பேர் எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடியிருக்க, மேலாளர் முன்னால் படிவங்களைத் திரையில் போட்டேன். முதல் படிவம்: 'இரண்டு பெட்டிகளில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். பயந்துபோய் லாரிக்காரர் மேல் பழி போட்டேன்.' மேலாளர் தலையாட்டியபடி கீழே வரை படித்தார். அடியில் பொடி எழுத்தில்: 'எழுதியவர்: ஸ்டெல்லா. பதிப்பு 1.'

அந்த வரியை வைத்தது நான்தான். எழுதியவர் பெயரும் பதிப்பு எண்ணும் இல்லாதது ஆவணமே இல்லை என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். படிவத்தைச் சேமித்ததும் கணினியில் நுழைந்தவரின் பெயர் தானாக விழும்படி அமைத்திருந்தேன். சோதித்துப் பார்த்தபோது என் பெயர் விழுந்தது. அழகாக இருக்கிறதே என்று ரசித்தேன் (சத்தியமாக).

ஸ்டெல்லா அக்கா எழுந்து, "சார், அது நான்தான்" என்று இந்தியில் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, தமிழில், தாழ்ந்த குரலில்:

"மெஷினை அணைச்சிடு தம்பி. மத்தவங்க பேரும் இருக்கும்ல."

அணைத்தேன். அந்தத் திட்டத்தில் நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

லேபிள் ஒட்டும் முறையை மாற்றினார்கள். அந்தத் தவறு நின்றது. பாராட்டு எனக்கு வந்தது. பதவி அந்த வருடம் அவருக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு இன்றும் அவர் வீட்டு கேக் வருகிறது. டப்பா மேல் ஒரு சீட்டு: 'அனுப்பியவர் பெயர் தேவையில்லை.' அடியில் பொடி எழுத்தில் ஸ்டெல்லா என்று இருக்கும். பக்கத்தில் பதிப்பு எண், வருடத்துக்கு ஒன்று கூடும். அதை நான் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்த பிறகுதான் என் மனைவி கத்தியை எடுப்பாள்.