ஒரு பட்டை கூடுதல்

என் கார் தரையோடு பேச வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். நான் சாதாரணமாக முடிவு செய்கிறவன் அல்ல. முடிவுகள் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் சமையலறையில்தான் எடுக்கப்படும். அதனால் இது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கார் பழைய பத்மினி. அதன் சொந்த எஞ்சின் உயிரை விட்டதும் ஒரு வேனின் எஞ்சினைப் பொருத்தியிருந்தேன். புது எஞ்சின் லேசு. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டது. முன் ஸ்பிரிங்கை மாற்றி மூக்கை இறக்கினேன். இப்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு, குளத்தில் குதிக்கப் போகிறவன் மாதிரி நின்றது. பத்மினிக்குப் பின்னால் நீளமான இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருக்கும். பட்டை குறைந்தால் வண்டி தாழும், கூடினால் நிமிரும். குறைத்துவிட வேண்டியதுதான்.

பொங்கல் முடிந்து புதுச்சேரிக் கடற்கரையில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். தாழ்ந்து நிற்கிற கார்களைத்தான் எல்லோரும் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அது போதும் எனக்கு. பிறகு செத்தாலும் பரவாயில்லை.

என் மனைவி எவாஞ்சலினுக்கு இது பிடிக்கவில்லை.

"ஏங்க, இப்பவே அந்தக் கார்லேர்ந்து நான் எழுந்திரிக்கறதுக்குள்ள பாதி பூசை முடிஞ்சிடுது. இன்னும் எறக்கினா என் முட்டி என்னாகும்?"

"தாழ இருந்தா சுலபம் எவா. அப்படியே உக்காந்துடலாம்."

"உக்காந்துடலாம். எழுப்பறது யாரு? மைன்ஸ்லேர்ந்து கிரேன் வருமா?"

"தாழ இருந்தாத்தான் அழகு."

"அப்ப நீங்க மட்டும் ஏன் நிமுந்து நிக்கறீங்க?"

"ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஓட்டறேன்."

"நம்ம டவுன்ஷிப்புல பிளாக்குக்கு நாலு ஸ்பீடு பிரேக்கர். நீங்க மெதுவா ஓட்டி, மேல்பட்டாம்பாக்கம் திருவிழாவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தேரே திரும்பிடும்."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேச்சை நிறுத்தினால் நான் ஜெயித்துவிட்டேன் என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பி வந்தவன் நான்.

சேத்தியாத்தோப்பில் தெய்வசிகாமணியின் பட்டறை. கரும்பு டிராக்டர்களுக்குப் பட்டை கட்டுகிறவர். போன் செய்தேன்.

"கட்டிடலாங்க. பின்சீட்ல எவ்ளோ வெயிட்டு குந்தும்? அதச் சொல்லுங்க. அதுக்குத் தகுந்தாப்ல கட்றேன். ஆளு ஏறினா உங்க நாலு விரல் வந்துடும்."

பின்சீட்டில் உட்காருகிறவர்கள் இரண்டு பேர். எவாஞ்சலின், அவள் தங்கை டெய்சி. ஊர் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே வர அந்த இடம்தான் வசதி.

ஒரு பெண்ணிடம் எடையை எப்படிக் கேட்பது? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சக்கரபாணியிடம் வேலி ஓரமாக யோசனை கேட்டேன்.

"கேளுங்க பெனடிக்ட் சார். ஆனா அவங்க சொல்றத நம்பாதீங்க. ஆளுக்குப் பத்து கிலோ சேத்துக்கங்க. என் அனுபவம்."

அவருக்குப் பின்னால் அவர் மனைவி உமாராணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொடியிலிருந்த புடவை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் கேட்டேன்.

"எவா, உன் வெயிட் எவ்வளவு?"

வேறு நாளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். அவள் வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எழுபத்தெட்டு."

"டெய்சி?"

"எண்பத்திரண்டு. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

ஆளுக்குப் பத்து சேர்த்துத் தெய்வசிகாமணியிடம் சொன்னேன். மனைவி சொன்னதையும் கேட்டு, அதை நம்பாமலும் இருந்த ஒரே கணவன் நெய்வேலியில் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டை மாற்றுகிற அன்று எவாஞ்சலினும் கூட வந்தாள். நான் வண்டிக்கு அடியில் படுத்து, பட்டறைப் பையன் போல்ட்டைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அவள் செருப்பும் தெய்வசிகாமணியின் கால்களும் வெகுநேரம் எதிரெதிரே நின்றிருந்தன. என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை.

ஒரு பட்டை குறையும் என்று நினைத்தேன். கூடியிருந்தது.

"வெயிட்டு அப்டி சொன்னீங்களே. ஆளு ஏறினா அமுங்கிடுங்க" என்றார் தெய்வசிகாமணி.

திருவிழா அன்று அக்காளும் தங்கையும் ஏறினார்கள். நான் பின்னால் போய்க் குனிந்தேன். நாலு விரல் வைக்கப் போன இடத்தில் முஷ்டியே தாராளமாகப் போய் வந்தது.

"ஏறிட்டீங்களா?"

"ஏறி, டெய்சி ரெண்டு முறுக்கே தின்னுட்டா. வண்டிய எடுங்க."

"எவா, நெசமாவே நீ எழுபத்தெட்டா?"

"வெயிட்ட எந்தப் பொம்பளையாவது கூட்டிச் சொல்லுவாளா?"

"அதான் கேக்கறேன்."

"நான் கூட்டினது இருக்கட்டும். அதுக்கு மேல நீங்க எதுக்குப் பத்து கூட்டினீங்க?"

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"உமாராணி துணி காயப்போட்டுகினு இருந்தாங்க."

டெய்சி சிரித்ததில் கார் குலுங்கியது. அப்போதும் அமுங்கவில்லை. வழியிலிருந்த ஸ்பீடு பிரேக்கர் ஒன்றுகூட எங்களைத் தொடவில்லை. கோவில் வாசலில் எவாஞ்சலின் நாற்காலியிலிருந்து எழுகிற மாதிரி எழுந்து நடந்தாள்.

புதுச்சேரியில் மற்ற கார்களுக்கு நடுவே என் கார், மழைத் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தவன் மாதிரி நின்றது. "வெள்ளத்துக்காகவா சார்?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

எவாஞ்சலின் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. பின்சீட்டில் இப்போது யாரும் உட்காருவதில்லை. இனிமேல் தடுக்க ஆளில்லை என்று போன மாதம் சேத்தியாத்தோப்புக்குப் போனேன்.

"அந்த ஒரு பட்டையக் கழட்டிடுங்க."

"கழட்டிடலாங்க" என்றார் தெய்வசிகாமணி. "மொதல்ல கீழ குந்தி எழுந்திரிங்க, பாப்போம்."

"எதுக்கு?"

"அக்கா அன்னைக்கே சொல்லி வச்சிட்டாங்க. எனக்கப்புறம் எப்பவாச்சும் வருவாரு, குந்த வச்சிப் பாருங்க, அவரே எழுந்தா கழட்டிக் குடுங்கன்னு."

இதென்ன பிரமாதம் என்று குந்தினேன்.

தெய்வசிகாமணி ஒரு பக்கமும், பட்டை மாற்ற வந்திருந்த டிராக்டர்காரர் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கி, என்னை அந்த உயரமான சீட்டிலேயே உட்கார வைத்து அனுப்பினார்கள்.