புளியமரத்துப் பேய்க்காரர்

ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் பேய்க்கே பயம் காட்டிய ஒரே மனிதர் எங்கள் பேய்க்காரர்தான். சொந்தப் பெயரை அவர் சொன்னதில்லை. கேட்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

நான் வல்லக்கோட்டை சாலையில் வாடகை அறையில் தங்கி, கம்பெனி ஷிப்ட் போய்க்கொண்டிருந்த நேரம். அறைக்குப் பின்னால் மூடிப்போன கம்பெனி ஷெட், பக்கத்தில் ஒரு புளியமரம். மரத்தில் ஆள் உயரத்துக்கு ஊசிகள் குத்தியிருக்கும். புளியமரத்தில் ஆணி அடித்துப் பேயைக் கட்டுவது ஊர் வழக்கம். இது நவீனப் பேய், அதனால்தான் ஆஸ்பத்திரி ஊசி என்று நம்பிய தெரு, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பேய்க்காரர் உச்சி வெயிலில்தான் வருவார். ஒல்லி உடம்பு, முழங்கை வரை கையுறை, ஒரு இடுக்கி, ஒரு டப்பா. ஊசிகளைப் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டு, ஷெட்டின் உடைந்த ஜன்னல் முன் நிற்பார். இருட்டிலிருந்து ஒரு கை நீளும். அதில் ஏதோ வைப்பார். கை உள்ளே போய்விடும். பிறகு இன்னொரு கை. முகம் கிடையாது, குரல் கிடையாது. நான் மொட்டைமாடியிலிருந்து ஒளிந்து பார்ப்பேன்.

ஒருநாள் நீண்ட கையில், பிரஸ் மெஷின் கடித்த தழும்பு. என் அறையிலேயே தங்கியிருந்த தென்காசிக்காரன் செல்வத்தின் கை அது! ஓடிப்போய்ப் பேய்க்காரரைப் பிடித்தேன்.

"போதை ஊசி தம்பி. ஒரே ஊசிய மாத்தி மாத்திக் குத்திக்கினா எச்.ஐ.வி. வந்துடும். அதான் பழச எடுத்துக்கினு புதுசு குடுக்கறேன். பழக்கத்த உடற அன்னிக்கி உடட்டும். அதுவரைக்கும் உசுரோட இருக்கணுமில்ல?"

"மரத்துல எதுக்குக் குத்தி வச்சிருக்காங்க?"

"கீழ போட்டா யாரு கால்லயாவது ஏறிடும்னு பசங்களே குத்தி வெக்கறானுங்க. நல்ல பசங்கப்பா."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மாவின் மருமகளுக்குக் காய்ச்சல். கட்டிவைத்த பேயை இவர் அவிழ்த்துவிட்டார் என்று தெருவே திரண்டது.

"யோவ், இன்னாயா பண்ணிக்கினு கீற? உள்ள யாரு?" என்றார் அந்த அம்மா.

உண்மையைச் சொன்னால் இவர் தப்பிப்பார். ஆனால் பையன்கள் அடிவாங்கி ஓடி, வேறெங்காவது ஒளிந்து, ஒரே ஊசியைப் பகிர்ந்துகொள்வார்கள். ஷெட்டுக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பேய்க்காரர் டப்பாவை ஒரு குலுக்கு குலுக்கினார்.

"பேய்தாம்மா. பசியில கீது. வாராவாரம் நான் தீனி போடலன்னா நேரா உன் வூட்டுக்குத்தான் வரும். நிறுத்திடட்டுமா?"

சொல்லிவைத்ததுபோல் ஜன்னலில் ஒரு கை மெல்ல நீண்டது. கூட்டம் ஓடிய வேகத்தில் செருப்புகள் மட்டும்தான் மிச்சம். மறுவாரம் வீட்டுக்கார அம்மாவே அவருக்கு மோர் கொடுத்தனுப்பினார்.

செல்வத்தை அவரே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். முடிவு வந்த அன்று அவன் ஷெட்டுக்குள் போகவில்லை. மரத்தடியில் வெயிலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாவ."

பேய்க்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லதுடா கண்ணு. நான் குத்திக்கினு திரிஞ்சப்ப புது ஊசி எடுத்துக்கினு ஒருத்தனும் வரல. அதான் இன்னிக்கும் மாத்திர முழுங்கிக்கினு கீறேன்."

அந்த மனிதருக்கு நூறு வயசு கொடு என்று அன்றைக்கு வல்லக்கோட்டை முருகனிடம் கேட்டேன். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.