இரைச்சல் நீக்கும் விழா

மனித குலத்தின் வரலாற்றை இரண்டே காலங்களாகப் பிரித்துவிடலாம்: காதில் வயர் தொங்கிய காலம், தொங்காத காலம். இந்த இரண்டு காலங்களிலும் இடைவிடாமல் கருத்துச் சொன்னவன் என்ற பெருமை அடியேனுக்கு உண்டு.

நான் இருப்பது ஓர் இணைய இணைப்பு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில். சம்பளம் கணக்கு எழுதுவதற்கு. செய்வது 'கருத்துச் சேவை'. இயர்போன், டேப்லெட், புளூடூத் ஸ்பீக்கர், கட்டிய கையையே 'எழுந்து நட' என்று அதட்டும் வாட்ச், எதைப் பற்றிக் கேட்டாலும் என்னிடம் கருத்து தயார். பொருள்தான் இல்லை. பொருளை வாங்கிவிட்டால் நடுநிலை கெட்டுவிடும் அல்லவா?

என் கருத்துகளின் அருமை தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் ஒரே ஒருவர். பக்கத்து நாற்காலி 'லைன் அக்கா'. போன் எடுத்துப் புகார் கேட்பதுதான் அவருடைய வேலை. இணைப்பு போனவர்கள் எல்லாரும் அவரிடம்தான் கத்துவார்கள். "சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பார். கத்தியவரே கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பார். போன் ஓய்ந்த நேரத்தில் நான் டேப்லெட்டின் எதிர்காலம் பற்றி எடுத்துரைப்பேன். அக்கா முன்னால் பார்த்தபடி மெல்லத் தலையாட்டுவார். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. இப்படியொரு அறிவார்ந்த பெண்மணியை நான் கண்டதில்லை.

அந்த அக்கா ஓய்வு பெறப்போகிறார் என்றதும் மேலாளர் ஒரு 'உயர்மட்டப் பரிசுக் குழு' அமைத்தார். தலைவர் நான். உறுப்பினர்கள் இருவர். ஒருவர் பட்டுவாடா குமாஸ்தா, பட்டப்பெயர் 'அடுத்த மாடல்'. கண்ணாடி உடைந்த போனை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். புதுசு வாங்க மாட்டார். எது வந்தாலும் அதற்கடுத்தது வரப்போகிறது என்பது அவருடைய கொள்கை. இன்னொருவர் இளநிலைப் பொறியாளர், பெயர் 'தொம்தொம்'. பாட்டின் தாள அடியில் பல் ஆடவேண்டும், இல்லையென்றால் அது பாட்டே இல்லை என்பார்.

குழு பலமுறை கூடியது. டேப்லெட்டை நான் நிராகரித்தேன்: போனாக இருக்கப் பெரிசு, டி.வி.யாக இருக்கச் சிறிசு, இரண்டுங்கெட்டான். வாட்சை அடுத்த மாடல் நிராகரித்தார்: "வர்ற சீசன்ல புதுசு வருது சார்." ஸ்பீக்கரைத் தொம்தொம் தன் நெஞ்சில் வைத்துச் சோதித்து, "சார், இதயம் ஒத்துழைக்கல" என்று அறிக்கை கொடுத்தார்.

"அக்காகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?" என்று மேலாளர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"சார், பயனாளிகிட்ட கேட்டா ஆய்வோட நம்பகத்தன்மை என்னாகிறது?" என்றேன். அவர் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இறுதியில் ஏகமனதாக 'இரைச்சல் நீக்கும்' இயர்பட்ஸ் தேர்வாயிற்று. காலமெல்லாம் பிறர் கூச்சலைக் கேட்டவருக்கு நிசப்தத்தைப் பரிசளிக்கிறோம்! இந்த வாசகத்தை எழுதிய அன்று எனக்கே கண் கலங்கியது.

விழா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அறையிலேயே நடந்தது. மேஜைகளை ஒதுக்கி நாற்காலி போட்டோம். அக்கா நல்ல புடவை உடுத்தி வந்திருந்தார். உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது. ஏதோ பேசுவதற்கு மனப்பாடம் செய்திருக்கிறார் போலும். நான் இயர்பட்ஸின் பேட்டரி ஆயுளில் தொடங்கி, "இரண்டு செவிகளுக்கும் ஒலியைச் சமமாகப் பங்கிடும் இந்த ஜனநாயகக் கருவியை..." என்று முடித்து, பெட்டியை நீட்டினேன்.

அக்கா திறந்து பார்த்தார். ஒன்றை எடுத்து வலது காதில் செருகிக்கொண்டார். மற்றதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உனக்கு, வெச்சுக்கோ தம்பி."

"ஏன்க்கா? ரெண்டும் உங்களுக்குத்தான்."

"எனக்கு இடது காது சின்ன வயசுலயே போச்சுப்பா. சுத்தமாக் கேக்காது."

எனக்கு ஒரு சின்ன சந்தேகம்.

"அக்கா... நான் எப்பவும் உங்களுக்கு இடது பக்கம்தானே உக்காந்திருந்தேன்?"

"ஆமா தம்பி." அக்கா அன்போடு சிரித்தார். "ரொம்ப நிம்மதியா இருந்துச்சு."

இதன் உட்பொருளை ஆராய எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. தொம்தொம் எழுந்துவிட்டார். "அப்போ ஒரு காதுல பாதி அடிதானே சார் விழும்? இது அநியாயம்!"

"அதுக்குத்தான் அடுத்த மாடல் வரட்டும்னேன்," என்றார் அடுத்த மாடல்.

"செட்டிங்ஸ்ல போய் ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக்கலாம். அதுகூடத் தெரியாம ரெண்டு பேரும் குழுவுல இருக்கீங்க!" என்றேன் நான்.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "இருக்கட்டும்ப்பா, இதுவே போதும். நான் ஒரு ரெண்டு வார்த்தை சொல்லிக்கறேன். நான் இங்க சேர்ந்த புதுசுல, போன் மணி அடிச்சாலே பயமா இருக்கும். அப்போ..."

"ஒரு நிமிஷம்க்கா!" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். குழுவில் அப்படி ஓர் ஒற்றுமையை அதற்கு முன் கண்டதில்லை.

விவாதம் சூடு பிடித்தது. ஒற்றைக் காதில் இரைச்சலை நீக்கினால் அது முழு நிசப்தமா, அரை நிசப்தமா? மேலாளரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கலந்துகொண்டார். தொம்தொம் பலகையில் காது வரைந்தார். அடுத்த மாடல் அதை அழித்து, வரப்போகும் காதை வரைந்தார். ஓர் அலுவலகம் தன் ஊழியர் ஒருவருக்காக இவ்வளவு உருகியதை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க முடியாது.

இந்த நேரம் பார்த்துப் புகார்ப் போன் அடித்தது. வழக்கமாக இரண்டாவது மணியில் நின்றுவிடும் போன். அன்று நிற்காமல் அலறியது. ஒருவரும் அசையாததால், குழுத் தலைவராகிய நானே பெருந்தன்மையோடு எடுத்தேன்.

"புகார்ப் பிரிவு."

பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். "ஒரு புகாருங்க. பேசிக்கிட்டிருக்கும்போதே பாதியில கட் ஆயிடுது."

"எத்தனை நாளா?"

"ரொம்ப வருஷமா."

"இத்தனை வருஷம் பொறுத்தீங்க, இன்னும் ஒரு நாள் பொறுங்க, மேடம். இங்க எல்லாரும் ஒரு முக்கியமான பிரிவுபசார விழாவுல இருக்கோம்."

"தெரியும் தம்பி," என்றது அந்தக் குரல். "என்னோடதுதான்."